பதில்: டிராக்கன்ஸ்பெர்க் குளங்களில் எது அமில மழைக்குத் தாங்காது?

வணக்கம். மகளின் பள்ளித் திட்டத்துக்காக தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் மூன்று குளங்களில் பி.எச். அளந்தீர்கள், மூன்றிலும் 6.8 வந்தது, அதனால் எல்லாமே பாதுகாப்பானவையா என்று கேட்டிருந்தீர்கள்.

பி.எச். மட்டும் போதாது. அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் தீரும் வரை அது பெரிதாக அசையாது, தீர்ந்ததும் மளமளவென்று இறங்கிவிடும். நீங்கள் அளக்க வேண்டியது காரத்தன்மை, அதாவது அமிலத்தை முறிக்க நீரில் இருக்கும் திறன்.

மீன்தொட்டிக் கடையில் இதை அளக்கும் கே.எச். சோதனைச் சொட்டு மருந்து கிடைக்கும். 5 மில்லி நீருக்கு ஒரு சொட்டு என்றால் லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். மலை நீருக்கு இது முரட்டு அளவு. அதனால் 20 மில்லி எடுங்கள், ஒரு சொட்டு 4.5 ஆகிவிடும். இரண்டே சொட்டில் நீலம் மஞ்சளானால் அந்தக் குளம் பலவீனமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பாறையைப் பாருங்கள். மேலே பசால்ட் என்ற எரிமலைப் பாறை, அதில் கால்சியம் உண்டு, ஓரளவு தாங்கும். அதற்குக் கீழே உள்ள கிளாரன்ஸ் மணற்பாறை பெரும்பாலும் அமிலத்தை முறிக்காத குவார்ட்ஸ், அதனால் எனக்குக் கவலை அங்கேதான். அமெரிக்காவின் ராக்கி மலையிலும் கருங்கல் மேல் மண் மெலிந்த, செங்குத்தான சரிவுள்ள உயர ஏரிகளே முதலில் சந்தேகப் பட்டியலில் வரும்.

ம்புமலாங்கா மாகாணத்து நிலக்கரி மின்நிலையங்களின் கந்தகப் புகையை நினைத்துக் கேட்டது நல்ல கேள்வி. வறண்ட குளிர்காலத்தில் படிந்ததை முதல் மழை அடித்துவரும், அப்போது ஒருமுறை கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள்.