பச்சைக் கொடியும் ஒற்றை அறையும்

கேள்வி: நூறாண்டுக்கு முந்தைய அயர்லாந்து தேசியவாதிகளின் கட்டுரைகளைப் படிக்கச் சொல்லி அடிக்கடி எழுதுகிறீர்கள். ஆங்கிலேயன் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள்தானே அவர்கள்? அந்த வீர முழக்கம் இன்று யாருக்கு வேண்டும்?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அப்படி நம்பியவர்களும் இருந்தார்கள். அவர்களை முகத்துக்கு நேரே மறுத்தவர்களின் எழுத்தைத்தான் நான் படிக்கச் சொல்கிறேன்.

ஆங்கிலேய ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் நாளையே அயர்லாந்தின் பச்சைக் கொடி ஏறினாலும், உழைப்பவர்களுக்கான குடியரசு அமையாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண், நிலக்கிழார் வழியாகவும் முதலாளி வழியாகவும் இங்கிலாந்தே ஆளும் என்று தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி 1897-லேயே எழுதிவிட்டார். வீர முழக்கமா இது?

1913 செப்டம்பர் 2 இரவு டப்ளின் சர்ச் தெருவில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இரண்டு பழைய வீடுகள் இடிந்து விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் பிஸ்கட் ஆலையிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்த 17 வயதுப் பையன். தம்பி தங்கைகளை வெளியே கொண்டுவந்தவன், இன்னொரு தங்கைக்காகத் திரும்ப உள்ளே போனான், இருவருமே பிழைக்கவில்லை. அந்நகரில் 20,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன என்று மறு ஆண்டு வந்த அரசு விசாரணை அறிக்கை சொல்லிற்று.

அதே வாரங்களில் தொழிற்சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக ஏறத்தாழ 20,000 தொழிலாளர்கள் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். கதவடைப்பை முன்னின்று நடத்திய வில்லியம் மார்ட்டின் மர்ஃபி ஆங்கிலேயர் அல்லர். டிராம் கம்பெனியும் நாளேடும் வைத்திருந்த ஐரிஷ்காரர், தேசியக் கட்சியின் முன்னாள் எம்.பி., மன்னர் தர முன்வந்த சர் பட்டத்தை மறுத்தவர். 1916 ஏப்ரலில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த ஆயுதப் போராட்டமே ஈஸ்டர் எழுச்சி. அது ஒடுக்கப்பட்டபின் மே மாதம், அதன் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டுக்கொண்டிருந்தபோது, மீதமிருந்த முக்கியமானவர்களை விட்டுவிடாதீர்கள் என்று தலையங்கம் எழுதியது அவருடைய நாளேடுதான். அத்தலைவர்களில் ஒருவரான, காயத்தால் நிற்க முடியாத கானலியை நாற்காலியில் கட்டிவைத்து மே 12 அன்று சுட்டார்கள். கானலி யாரைப் பற்றி எச்சரித்தார் என்பது இப்போது புரிகிறதா?

இன்னொருவர், பத்திரிகையாளரும் போர் எதிர்ப்பாளருமான ஃபிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டன். எனக்கு மிகவும் நெருக்கமானவர் இவர்தான். ஆயுதப் பயிற்சி பெற்ற தேசியவாதிகளின் ஐரிஷ் தொண்டர் படையை வளர்த்த தம் நண்பர் தாமஸ் மக்டோனாவுக்கு 1915-இல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் படையில் சேரப் பெண்களை ஏன் அழைக்கவில்லை? காரணத்தைத் தேடிப் பாருங்கள், உங்கள் இயக்கத்துக்குள் இருக்கும் பிற்போக்கு அங்கேதான் அகப்படும் என்றார். நண்பரிடம் இப்படிக் கேட்க எவ்வளவு நேர்மை வேண்டும்! எழுச்சியின்போது துப்பாக்கியைத் தொடாமல், கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்கத் தெருவில் இறங்கியவரைப் பிடித்துக்கொண்டுபோய், விசாரணையின்றி ஏப்ரல் 26 காலையில் சுட்டுக் கொன்றது ஆங்கிலப் படை.

அவர் மனைவி ஹன்னாவும் மார்கரெட் கசின்ஸும் 1908-இல் டப்ளினில் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர்கள். இந்த மார்கரெட்தான் பின்னர் சென்னைக்கு வந்து, 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறக்கக் காரணமானவர்களில் ஒருவர்.

எழுச்சியாளர்களின் 1916 குடியரசுப் பிரகடனம் ஐரிஷ் ஆண்களே, பெண்களே என்று இருபாலரையும் விளித்துத்தான் தொடங்கியது. சுதந்திர அயர்லாந்தின் 1937 அரசியல் சட்டமோ, வீட்டுக்குள் பெண் வாழும் வாழ்வே நாட்டுக்கு அவள் தரும் ஆதரவு என்று எழுதிக்கொண்டது. எதிர்த்து நின்றவர்களில் ஹன்னாவும் இருந்தார், கணவரை இழந்த இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த 1915 கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.