'ரன்' என்னும் ஆங்கிலச் சொல்: மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பால் தீர்ந்துவிட்டதை 'மில்க் இஸ் ஓவர்' என்றேன். அலுவலகத் தோழி அது பிழை என்கிறார். சரிதானா? (மாட்டுங்கா வாசகி)

பதில்: தோழி சொல்வது சரியே. 'ஓவர்' என்பது கூட்டம், தேர்வு, ஆட்டம் போல நடந்து முடிபவற்றுக்குப் பொருந்தும். கையிருப்பு தீர்ந்தால் 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்பதே வழக்கு. தமிழில் தீர்வது பால் என்பதால் பாலையே எழுவாயாக்குகிறோம். ஆங்கிலத்திலோ பால் இல்லாமல் நிற்கும் ஆள் பெரும்பாலும் எழுவாயாகிறார். 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்' என்பதும் சரிதான். ஆனால் ஆளை எழுவாயாக்கிவிட்டு 'ஆஃப்' என்பதை விட்டுவிடக் கூடாது. நம்மவர் மிகுதியாகத் தவறுவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: 'ஐ ரன் எ ஷாப்' என்றால் கடையை ஓட்டுகிறேன் என்று பொருளா? இச்சொல்லுக்கு எத்தனை பொருள்தான் உண்டு? (தாராவி வாசகர்)

பதில்: 'கடை நடத்துகிறேன்' என்பதே அதன் பொருள். நாம் ஓடு, ஓட்டு, நடத்து என்று வினையை மாற்றிக்கொள்ளும் இடங்களில் எல்லாம் ஆங்கிலத்துக்கு 'ரன்' ஒன்றே போதும். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்னும் சொல்லுக்கு இருந்தது; பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்தியது, வினையாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் காட்டப்பட்டன. அத்தனையையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பேன். அடுத்து வரும் சிறுசொல்லைச் சேர்த்தே படியுங்கள்: 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஒருவர்மீது ஏறிவிடுவது, 'ரன் த்ரூ' என்றால் ஒரு பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை விரைவாகப் பார்த்துவிடுவது.

கேள்வி: லோக்கல் ரயில் நின்றுகொண்டிருக்கும்போதும் 'ரன்னிங் லேட்' என்கிறார்களே? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: அங்கே ஓட்டம் சக்கரத்துக்கு உரியதன்று, கால அட்டவணையை ஒட்டிய நிலையையே அது குறிக்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பாதவரும் 'ஐயாம் ரன்னிங் லேட்' என்று சொல்லலாம். ரயில்வேயில் ஓட்டுநரும் கார்டும் 'ரன்னிங் ஸ்டாஃப்' எனப்படுவதால், வெளியூரில் அவர்கள் படுத்து ஓய்வெடுக்கும் இடத்துக்கும் 'ரன்னிங் ரூம்' என்றே பெயர்.

கேள்வி: தேர்தலில் நிற்பது 'ஸ்டாண்ட்' என்பதா, 'ரன்' என்பதா? (செம்பூர் வாசகி)

பதில்: பிரிட்டிஷார் 'ஸ்டாண்ட்' என்பார்கள், அமெரிக்கர் 'ரன்' என்பார்கள். நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் 'கன்டெஸ்ட்' என்பதே பெருவழக்கு; நீங்களும் அதையே எழுதலாம்.