வீட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டால் முகாம்வாசிகள் வழக்குத் தொடரலாமா?

கேள்வி: நான் தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பின் முகாம் பதிவேட்டில் தனிக் குடும்பமாகப் பதிந்து, பெற்றோர் வீட்டை ஒட்டி இறக்கிய சார்ப்பில் பிள்ளைகளுடன் வசிக்கிறோம். புதிய வீட்டுப் பட்டியலில் பெற்றோர் பெயர் மட்டுமே உள்ளது. கேட்டால், “நிதி இவ்வளவுதான்” என்கிறார்கள். குடியுரிமை இல்லாத நாங்கள் நீதிமன்றம் போக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் எதைக் கேட்டுப் போகிறீர்கள் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களில், பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்கு மட்டும் 231.54 கோடி ரூபாய் காட்டப்பட்டது. இத்தொகை போதாது, கூட்டித் தர வேண்டும் என்று கேட்டால், நிதி ஒதுக்கீடு அரசின் கொள்கை முடிவு என்று கூறி நீதிமன்றம் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா இணையவில்லை.

ஒதுக்கிய பணத்தில் யாருக்கு வீடு என்று முடிவெடுப்பது அப்படியன்று. அறிவிப்பு குடும்பங்களை அல்ல, பழுதடைந்த வீடுகளையே கணக்கிட்டது. ஆகவே உங்கள் சார்ப்பைப் பெற்றோர் வீட்டின் பகுதியாகவே எழுதியிருக்கக்கூடும். உங்களைப் போலவே தனிப் பதிவுள்ள வேறொரு குடும்பத்துக்கு வீடு தந்து உங்களை விட்டிருந்தால், அது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு முரணானது. அந்தப் பிரிவும், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் 21ஆவது பிரிவும் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் பாதுகாப்புத் தருகின்றன. அருணாச்சலப் பிரதேசத்தில் அகதிகளாகக் குடியேறிய சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் இதை உறுதிப்படுத்தியது.

வாய்மொழிப் பதிலை எதிர்த்து வழக்குப் போடுவது கடினம். எனவே தனிப் பதிவின் நகலை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். அரசாணையையும் பயனாளிகள் பட்டியலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெறலாம்; ஆனால் அச்சட்டத்தின் 3ஆவது பிரிவு அந்த உரிமையைக் குடிமக்களுக்கே தருவதால், உங்கள் பெயரில் விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படலாம். நம்பிக்கைக்குரிய இந்தியக் குடிமகன் ஒருவர் தம் பெயரில் கேட்கட்டும். பல ஆண்டுகளாக இங்கேயே வாழ்பவர்கள் தங்களைப் பற்றிய கோப்பைப் பார்க்க இன்னொருவரை நாட வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

மனுவுக்கு உரிய காலத்தில் பதில் வராவிட்டால், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். “மனுவைப் பரிசீலிக்க வேண்டும்” என்ற உத்தரவு மட்டும் கிடைத்தால் அதிகாரிகள் மறுபடியும் நிராகரிக்க வாய்ப்புண்டு. ஆகவே தகுதியை ஆய்ந்து, காரணங்களுடன், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும், அதுவரை சார்ப்பை இடிக்கக் கூடாது என்றும் சேர்த்துக் கேளுங்கள். பெண் என்ற முறையில், வருமான வரம்பைப் பார்க்காமலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கோரலாம். மாற்று இடம் எது என்று எழுத்தில் தராதவரை, இடிப்பதற்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.