காத்துக்கு என்ன வழி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு மஹிந்திரா தார் ஜீப் எடுத்தேன். டயர் அளவு 245/75 ஆர் 16. மாதம் ஒருமுறை நண்பர்களோடு தெரிந்தவர்களின் தோப்பு, ஆற்றோரத் தோட்டம் என்று மணல் பாதைகளில் ஓட்டுகிறோம். மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றை 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை இறக்கிவிடுகிறோம், திரும்ப ஏற்றத்தான் வழியில்லை. வண்டியிலேயே காற்றடிக்கிற கம்ப்ரசர் வைக்கலாம் என்றால் ஒருத்தர் காற்றைச் சேர்த்து வைக்கிற டேங்கோடு போடு என்கிறார், இன்னொருத்தர் 150 பிஎஸ்ஐ தள்ளுகிற மெஷின்தான் மெஷின் என்கிறார், மூன்றாவது ஆள் வண்டியின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சின்ன பம்பே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(உசிலம்பட்டி வாசகர்)

பதில்: தம்பி, மூன்று பேரும் மெஷினைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், உங்கள் டயர் எவ்வளவு காற்று கேட்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் அளவு டயருக்குள் ஏறக்குறைய 60 லிட்டர் இடம் இருக்கும். 18லிருந்து 32 பிஎஸ்ஐக்கு ஏற்ற வேண்டுமென்றால் கூடுதலாக 14 பிஎஸ்ஐ, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு டயருக்கு வெளிக்காற்று 60 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும், நாலு டயருக்கும் சேர்த்து 240 லிட்டர். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். இதை எத்தனை நிமிஷத்தில், மோட்டார் சூடேறிப் படுக்காமல் ஒரு மெஷின் தள்ளும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பெட்டியில் நிமிஷத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அது எதிரே அழுத்தமே இல்லாமல், வெறும் ஹோஸில் ஊதும்போது எடுத்த கணக்கு. டயரில் 25 பிஎஸ்ஐ ஏறி எதிர்த்துத் தள்ள ஆரம்பித்தால் அது இறங்கும், சின்ன பம்புகளில் பாதியாகக்கூட விழும். பாதி என்றே வைத்துக்கொண்டாலும் டயருக்கு மூன்றரை நாலு நிமிஷம், நாலு டயருக்குக் கால் மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். சின்ன பம்புகள் பலவற்றில் பத்து நிமிஷம் ஓட்டினால் ஆறவிடு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே கடையில் "அண்ணே, இது 30 பிஎஸ்ஐயில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓடும்" என்ற இரண்டையும் கேளுங்கள். 150 பிஎஸ்ஐ என்பதை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் டயர் 35ஐத் தாண்டப் போவதே இல்லை. பின்னாளில் காற்றில் இயங்கும் டிஃப் லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கிற பூட்டு) போட்டால் அதற்கு 100 பிஎஸ்ஐ பக்கம் வேண்டும், அப்போது அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. நிரந்தரமாகப் பொருத்திய, அழுத்தம் ஏறியதும் தானே நிறுத்துகிற பிரஷர் ஸ்விட்ச் உள்ள கம்ப்ரசரும் அப்போதுதான் கட்டாயம்.

லைட்டர் சாக்கெட் ஆள் சொன்னதற்கு வருகிறேன். பெரும்பாலான வண்டிகளில் அந்த சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். உருப்படியாகக் காற்றுத் தள்ளுகிற கம்ப்ரசர் 25, 30 ஆம்பியர் இழுக்கும், இரட்டை மோட்டார் என்றால் இன்னும் மேலே. அதனால் சாக்கெட்டில் சொருகுகிற எதுவாக இருந்தாலும் அது சின்ன பம்புதான், என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் சரி.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் 16க்கு இறக்கி ஓட்டிவிட்டு, சாயங்காலம் அந்த மாதிரி ஒரு பம்பை வைத்து ஏற்றினேன். மூன்றாவது டயர் முடியும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது, பம்ப் நின்றுவிட்டது. நாலாவது டயர் 16லேயே நிற்கிறது. மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று கணவாய் ஏறி இறங்கி உசிலம்பட்டி வரை தார் ரோட்டில் வந்தேன். பஞ்சர் கடையில் அந்த டயரை ரிம்மிலிருந்து பிரித்துக் கவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து அரைத்த மிளகு மாதிரி கறுப்புத் தூள் கொட்டியது. பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வளையமாக ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. கடைக்காரர் அதில் விரலை வைத்துத் தடவிக் காட்டிவிட்டு, "இது இனிமே ஆகாதுண்ணே" என்று ஓரமாகச் சாய்த்து வைத்தார். வெளியே பார்த்தால் புது டயர் மாதிரியே இருந்தது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிகிறது, அந்தச் சூட்டில் உள்ளுக்குள்ளேயே அரைபட்டுப் போகிறது. மணலில் மெதுவாக ஓட்டும்போது தாங்குகிற டயர் நான்குவழிச் சாலையில் தாங்காது.

டேங்க் வேண்டுமா? பத்து லிட்டர் டேங்கை 120 பிஎஸ்ஐக்கு நிரப்பி வைத்தால், அது 35க்கு இறங்கும்வரை கிடைக்கிற காற்று 58 லிட்டர். உங்களுக்கு ஒரே ஒரு டயர். மற்ற மூன்றுக்கும் கம்ப்ரசர்தான் உழைக்க வேண்டும். அந்தக் காசைக் கம்ப்ரசரில் போடுங்கள். ரிம்மை விட்டு விலகிய டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்கவும், புழுதி அடைத்த ஏர் ஃபில்டரை ஊதவும் டேங்க் நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. போட்டால் சேஃப்டி வால்வும் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி ஈரத்தில் ஓட்டினால் அதிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

சரி, என் முடிவு. மாதம் ஒருமுறை ஓட்டுகிற உங்களுக்கு, பேட்டரியில் நேராக கிளிப் மாட்டுகிற, இரட்டை சிலிண்டர் உள்ள, பெட்டியில் எடுத்துப் போகிற கம்ப்ரசர் போதும். நண்பர் வண்டிக்கும் உதவும், வண்டியை விற்றாலும் கையில் நிற்கும். போனட்டுக்குள் பொருத்தியே தீருவேன் என்றால் எஞ்சின் சூடு நேரே அடிக்காத, தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். ஒயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 30 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், அந்தக் கரண்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியே ஓடாமலிருக்க நடுவில் ஒரு ரிலே. மெல்லிசு ஒயர் போட்டால் வோல்ட் வழியிலேயே தேய்ந்து கம்ப்ரசர் மூச்சு வாங்கும், ஒயரும் சுடும். கம்ப்ரசரிலிருந்து வரும் முதல் ஓர் அடி ஹோஸ் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், அந்த இடத்துக்கு மட்டுமாவது எஃகு வலை பின்னிய ஹோஸ் வாங்குங்கள். காற்று ஏற்றும்போது எஞ்சின் ஓடட்டும்.

கேள்வி: எங்கள் மாமா விருதுநகரில் சோடா கம்பெனி வைத்திருக்கிறார். அவரிடம் இருக்கிற கேஸ் சிலிண்டரையே ஜீப்பில் கட்டிக்கொண்டு போய் டயருக்கு ஏற்றினால் என்ன? கரண்டும் வேண்டாம், சத்தமும் இல்லை.
(திருமங்கலம் வாசகர்)

பதில்: வேலை நடக்கும், கம்ப்ரசரைவிட வேகமாகவே நடக்கும். சோடாவுக்குப் போடுகிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக நிற்பதால் சின்ன இடத்தில் நிறைய அடங்கும். ஒரு கிலோ வாயுவானால் 500 லிட்டருக்கு மேல் வரும். நாலரை கிலோ சிலிண்டர் ஒன்று, மேலே சொன்ன தார் மாதிரி வண்டிக்கு நாலு டயரையும் எட்டு ஒன்பது தடவை ஏற்றிவிடும். டயருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் தம்பி, நம் ஊர் வெயிலை யோசித்துப் பாருங்கள். இந்த வாயு 31 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. 20 டிகிரியிலேயே உள்ளே 830 பிஎஸ்ஐ இருக்கும், 31ல் ஆயிரத்தைத் தாண்டும், சித்திரை மதியம் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் இன்னும் விறுவிறுவென்று ஏறும். அளவுக்கு மேல் நிரப்பியிருந்தால் பாதுகாப்புத் தகடு உடைந்து வாயு முழுவதும் வெளியேறும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அது நடந்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு நின்றுவிடும். வாடையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே திறந்த ஜீப்பில் மட்டும், நிழல் விழுகிற இடத்தில், நிமிர்த்திக் கட்டி வையுங்கள். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ரெகுலேட்டர் இல்லாமல் டயரில் மாட்டவே கூடாது. மாமாவின் பெரிய சிலிண்டர் வேண்டாம், அது ஜீப்புக்குள் உருண்டால் ஆளைக் கொல்லும். சின்னதாக ஒன்று வாங்கி, கழுத்தில் அடித்திருக்கிற சோதனைத் தேதியைப் பார்த்து, மாமாவுக்கு கேஸ் போடுகிற இடத்திலேயே எடை பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெல்டிங் பட்டறையில் கைக்குக் கிடைக்கிறதே என்று ஆக்சிஜனை எடுத்து யாரும் டயரில் ஏற்றாதீர்கள். ரப்பரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அது வெடிமருந்து.

கேள்வி: ஐயா, என்னிடம் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இருக்கிறது, ஏசி கிடையாது. பழைய இரும்புக் கடையில் கார் ஏசி கம்ப்ரசர் ஒன்று வாங்கி பெல்ட் போட்டுக் காற்றுக்குப் பயன்படுத்தலாமா?
(வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: செய்யலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினே சுற்றுவதால் சின்ன மின்சார பம்ப் எதுவும் பக்கத்தில் வர முடியாது. ஆனால் வாங்குவதற்கு முன் அந்தக் கம்ப்ரசருக்கு ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இப்போதைய கார்களில் இருக்கிற வகைகளில் ஆயில் ஏசி கேஸோடு கலந்து சுற்றி வந்துதான் உள்ளே பூசும். கேஸை எடுத்துவிட்டு வெறும் காற்றை விட்டால் உயவு கிடைக்காமல் கொஞ்ச நாளில் இறுகிவிடும். அதற்காக உறிஞ்சும் பக்கம் ஆயில் சொட்ட விடுகிறார்கள், சரி, அப்புறம் அந்த ஆயில் காற்றோடு டயருக்குள் போகாமல் வடிக்க வெளிப்பக்கம் ஒரு பிரிப்பான் வேண்டும். ஆயில் படிந்த டயரில் பஞ்சர் ஒட்டு நிற்காது. பழைய யார்க் கம்பெனி கம்ப்ரசர் மாதிரி, அடியில் சொந்த ஆயில் தொட்டி உள்ள பிஸ்டன் வகை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

பிராக்கெட் அடிக்கிற லேத்காரரிடம் பெல்ட் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறியதும் கம்ப்ரசரின் கிளட்சை விடுவிக்கிற பிரஷர் ஸ்விட்சும், அது வேலை செய்யாவிட்டால் திறந்துகொள்ள ஒரு சேஃப்டி வால்வும் இல்லாமல் ஒருநாள்கூட ஓட்டாதீர்கள். நாலைந்து வண்டிக்கு நீங்கள்தான் காற்றுக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்த மெனக்கெடல் தகும். உங்கள் ஒரு ஜீப்புக்கு மட்டும் என்றால் முதல் கேள்விக்குச் சொன்னதே போதும்.

கேள்வி: சார், மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன், பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறேன். நத்தம் பக்கம் எங்கள் மாந்தோப்புக்குப் போகும் பாதையில் முள் குத்தி அடிக்கடி காற்று இறங்குகிறது. சார்ஜ் போட்டுக் கையில் எடுத்துப் போகிற பேட்டரி பம்ப் போதுமா?
(மதுரை அண்ணா நகர் வாசகி)

பதில்: போதும் அம்மா. உங்கள் டயர் சின்னது, உள்ளே 40 லிட்டர்தான். ஒரு டயரைச் சரிக்கட்ட அது தாராளம். நாலையும் 18க்கு இறக்கி ஏற்றுகிற வேலைக்குத்தான் திணறும். வெயிலில் வண்டிக்குள் விட்டு வைக்காதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது, வேண்டிய நாளில் சார்ஜ் இருக்காது. பம்பில் காட்டுகிற எண்ணை முழுசாக நம்பாமல் காற்று அளக்கிற கேஜ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற அளவைப் பார்த்து ஏற்றுங்கள். வெயிலில் ஓடிய டயர் சில பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

அந்தப் பாதையில் குத்துவது பெரும்பாலும் சீமைக் கருவேல முள்ளாகத்தான் இருக்கும். டயரில் முள் நிற்பது தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள், அதுவே பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். பஞ்சர் திரி, ஊசி, பம்ப் மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரியை ஊசியில் கோத்த பிறகு முள்ளை இழுங்கள்.