சமையல் கேள்வி–பதில்: கம்பியில் உதிராத ஹாம்பர்கர்

வட அமெரிக்காவில் கோடை தொடங்கி, வீட்டுக் கொல்லைப்புறங்களில் கிரில் அடுப்புகள் புகைய ஆரம்பித்துவிட்டன. அங்கிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஹாம்பர்கர் பற்றியவை மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஜூலை 4 விடுமுறைக்கு நண்பர்களை அழைத்து வீட்டிலேயே ஹாம்பர்கர் செய்தேன். மாட்டிறைச்சிக் கொத்துக்கறியில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், புதினா, வீட்டில் அரைத்த இஞ்சி பூண்டு விழுது, உப்பு, ஒரு முட்டை, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு ஆகியவற்றை முதல் நாள் இரவே சேர்த்து வைத்தேன். பிசைந்தால் கடினமாகிவிடும் என்று சொன்னார்கள் என்பதால் மேலாகத்தான் கலந்தேன். கிரில்லில் போட்டுத் திருப்பியதும் உடைந்து, பாதி கரிக்குள் விழுந்துவிட்டது. இன்னொரு முட்டை சேர்த்திருக்க வேண்டுமா? (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: வேண்டாம். பச்சை முட்டையில் பெரும்பகுதி நீர்தான். வெந்து கெட்டிப்படும் வரையில் அது கலவையை இளக்குமே தவிர இறுக்காது. நீங்கள் எழுதியிருப்பது கோலா உருண்டையின் கைப்பக்குவம். கோலா உருண்டை காய்ந்த எண்ணெயில் விழுந்த உடனே எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சூடேறி மேற்புறம் கெட்டிப்பட்டுவிடுவதால், உள்ளே இருக்கும் ஈரமும் தளர்வும் வெளியே தெரிவதில்லை. கிரில்லில் நிலைமை வேறு. அடியில் தாங்குவதற்கு இடைவெளிவிட்ட கம்பிகள் மட்டுமே உண்டு. சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. திருப்பும் நேரத்தில் மேல்பாதி இன்னும் பச்சையாகவே இருக்கிறது. அந்தப் பச்சைப் பாதி உடையாமல் தன் எடையைத் தானே தாங்கியாக வேண்டும்.

கொத்துக்கறியைச் சேர்ந்து நிற்கவைக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது கபாப் வழி. இறைச்சியில் உப்பைச் சேர்த்து அழுத்திப் பிசையும்போது மயோசின் என்னும் தசைப் புரதம் கரைந்து வெளிவந்து, பிசுபிசுப்பாகி, துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சீக் கபாப் கம்பியிலிருந்து நழுவாமல் நிற்பது இதனால்தான். இரண்டாவது ஹாம்பர்கர் வழி. இதில் உப்பையும் உள்ளே சேர்ப்பதில்லை, பிசைவதும் இல்லை. அரைத்த இழைகளை லேசாகச் சேர்த்து வட்டமாகத் தட்டி, கொழுப்பு உறைந்த நிலையிலேயே இருக்கும்படி குளிர்ச்சியாக வைத்து, அடியில் சூடு ஏறிப் புரதம் இறுகும் வரை அந்த உறைந்த கொழுப்பின் பலத்தில் நிற்கவைக்கிறோம். கபாப் மெல்லும்போது இறுக்கமாக இருக்கும். ஹாம்பர்கர் வாயில் பொலபொலவென்று பிரியும். இரண்டும் நல்ல வழிகளே. உங்கள் கலவை இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது: சேர்த்த பொருள்கள் கபாப்புக்கு உரியவை, கலந்த முறை ஹாம்பர்கருக்கு உரியது.

போதாததற்கு, உப்புப் பட்ட வெங்காயம் இரவு முழுவதும் நீர் விட்டிருக்கும். கறிக்கு நடுவே வந்து நிற்கும் ஒவ்வொரு பச்சை வெங்காயத் துண்டும் ஒரு விரிசலின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய குற்றவாளி இஞ்சி என்பது என் சந்தேகம். பச்சை இஞ்சியில் இறைச்சிப் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. முற்றிய ஆட்டுக்கறித் துண்டுகளை மென்மையாக்க உதவும் அந்தக் குணமே, ஏற்கெனவே அரைபட்ட கறியில் ஓர் இரவு முழுக்க வேலை செய்தால் அதைக் கூழாக்கிவிடும். பப்பாளிக்காயும் அப்படித்தான்.

மசாலா மணம் வேண்டும் என்றால் முழுமையாகக் கபாப் வழிக்கே போய்விடுங்கள். வெங்காயத்தை வதக்கி நன்றாக ஆறவிடுங்கள். அரைக் கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு போதும், முட்டை தேவையில்லை. இஞ்சி விழுதைச் சுடுவதற்குச் சற்று முன்பு சேருங்கள். உப்புப் போட்டு, குளிர்ந்த கறியை உள்ளங்கையில் ஒட்டிய உருண்டை கையைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும் வரை பிசையுங்கள். அது கம்பியில் உடையாது.

ஹாம்பர்கர்தான் வேண்டும் என்றால், கடையில் கறி வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பொதியின் மேல் 80/20 என்று அச்சிட்டிருக்கும் கறி, அதாவது நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு உள்ளது, இதற்கு மிகவும் ஏற்றது. மாட்டின் தோள்பட்டைப் பகுதியை அரைத்தால் ஏறக்குறைய இந்த அளவு வரும். உடல்நலம் கருதி 90/10 வாங்குபவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய ஹாம்பர்கர்தான் வறண்டு பொடிப்பொடியாக உதிர்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன், ஒரு வில்லைக்கு 150 முதல் 170 கிராம் வரை கறியைப் பிரித்து, தளர்வாக உருட்டி, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டுங்கள். வெந்ததும் சுருங்கும் என்பதால் பன்னைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாக இருக்கட்டும். தட்டி முடித்தபின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள்: மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் கட்டைவிரலால் தடவி மூடிவிடுங்கள், ஏனெனில் திருப்பும்போது பிளவு அங்கிருந்துதான் ஓடும். பிறகு அரை மணி நேரம் மீண்டும் குளிரில் வைத்து, உப்பையும் மிளகுத்தூளையும் அடுப்பில் போடும் தருணத்தில் மேலே மட்டும் தூவுங்கள்.

கம்பி வலை சுத்தமாகவும் சூடாகவும் இருக்க வேண்டும். கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கம் வெறுமையாக விடுங்கள். கம்பிக்கு ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளங்கையைப் பிடித்தால் மூன்று நான்கு விநாடிகளுக்கு மேல் தாங்க முடியாத சூடு சரியான சூடு. எண்ணெயில் நனைத்த காகிதத் துணியை இடுக்கியால் பிடித்துக் கம்பிகளைத் துடைத்துவிட்டு வில்லைகளை வையுங்கள். வைத்த பிறகு கை சும்மா இருக்க வேண்டும். பச்சைக் கறியின் புரதம் சூடான உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். அடிப்புறம் சிவந்து பொறுக்குக் கட்டியதும் தானாகவே விட்டுவிடும். மூன்று நான்கு நிமிடம் கழித்து, அகலமான தோசைத்திருப்பியைக் கம்பிகள் ஓடும் திசையிலேயே அடியில் நுழைத்துப் பாருங்கள். கறி கம்பியை விடவில்லை என்றால் இழுக்காதீர்கள். அரை நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்கலாம்.

கேள்வி: நான் செய்யும் ஹாம்பர்கர் உடைவதில்லை, ஆனால் நடுவில் உப்பிப் பந்தாகிவிடுகிறது. தட்டையாக்கக் கரண்டியால் அழுத்தினால் சாறெல்லாம் ஒழுகி, தீயும் குபீரென்று எழுகிறது. (வாசகர், ஸ்கார்பரோ, டொரன்டோ)

பதில்: கறியில் உள்ள இணைப்புத் திசு 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது சுருங்கத் தொடங்குகிறது. ஓரம் முதலில் சூடேறுவதால் முதலில் சுருங்குவதும் ஓரமே. இடுப்புவாரை இறுக்கியதுபோல் அது நடுப்பகுதியை நெருக்க, நடுப்பகுதி மேலே எழுகிறது. எனவே வில்லையைத் தட்டும்போதே நடுவில் கட்டைவிரலால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு அகலமான ஒரு குழி விடுங்கள். வேகும்போது குழி நிரம்பித் தட்டையாகிவிடும்.

அழுத்துவதை அடியோடு விட்டுவிடுங்கள். நீங்கள் பிழிந்து எடுப்பது உருகிய கொழுப்பையும் சாற்றையும்தான். எழும் தீ அந்தக் கொழுப்பினால்தான். ஸ்மாஷ் பர்கர் கடைகளில் அழுத்துகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் தட்டையான இரும்புக் கல்லில், கறி பச்சையாகவும் கொழுப்பு உருகாமலும் இருக்கும் முதல் அரை நிமிடத்திற்குள் அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். அதைக் கம்பி வலையில் செய்ய முடியாது. தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டாம். வில்லையைக் கரி இல்லாத பக்கத்துக்கு நகர்த்தி மூடியை மூடுங்கள், காற்றுக் குறைந்து தணிந்துவிடும். இன்று எங்கும் காணப்படும் மூடியுடன் கூடிய உருண்டைக் கிரில்லை 1952ஆம் ஆண்டு சிகாகோ பகுதியில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் உருவாக்கினார். நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைகளைச் செய்துவந்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில் வேலை பார்த்த அவர், அத்தகைய உருண்டை ஒன்றையே இரண்டாக்கி அடுப்பும் மூடியும் செய்தார். திறந்த அடுப்பில் காற்றையும் தீயையும் அடக்க முடியாத எரிச்சல்தான் அதற்குக் காரணம்.

கேள்வி: உணவகங்களில் ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகவே பரிமாறுகிறார்கள். ஹாம்பர்கரை மட்டும் முழுவதும் வேகவைக்கச் சொல்வது ஏன்? உள்ளே நிறம் மாறிவிட்டால் போதாதா? (வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

பதில்: ஸ்டேக் போன்ற முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் இருப்பது பெரும்பாலும் மேற்பரப்பில், அங்கே நேரடியாகச் சூடு படுகிறது. அரைக்கும்போது அந்த மேற்பரப்பு உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத ஹாம்பர்கர்களால் ஈகோலை ஓ157:எச்7 என்னும் கிருமி பரவி, 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், நான்கு குழந்தைகள் இறந்தனர். அடுத்த ஆண்டே அமெரிக்க வேளாண் துறை, அரைத்த மாட்டிறைச்சியில் இக்கிருமி இருந்தால் அது கலப்படப் பொருளாகக் கருதப்படும் என்று அறிவித்தது.

அத்துறையின் அறிவுரைப்படி, அரைத்த மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் 71 பாகை செல்சியசையும், அரைத்த கோழியும் வான்கோழியும் 74 பாகையையும் உள்ளே எட்ட வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். காற்றுப் பட்டுப் பழகிய கறி, போதிய சூடு ஏறும் முன்பே பழுப்பாகிவிடும். புகையில் வெந்த கறி, முழுவதும் வெந்த பின்பும் இளஞ்சிவப்பாக இருக்கலாம். வெப்பமானியின் முனையை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் ஓரத்திலிருந்து மையம் வரை செலுத்திப் பாருங்கள். மேலிருந்து குத்தினால் முனை கறியைத் தாண்டிக் கம்பிக்கு அருகில் போய்விடும். கனமான வில்லைகள் மேலே கருகி உள்ளே வேகாமல் நின்றால், கரி இல்லாத பக்கத்தில் வைத்து மூடி வேகவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை. கடையில் வாங்கும் அரைத்த கோழியில் செய்தால், தட்டும்போது கையெல்லாம் ஒட்டுகிறது, சுட்டால் வறண்டு உடைகிறது. (வாசகி, டாலஸ்)

பதில்: கோழிக்கொழுப்பு குளிரிலும் மாட்டுக்கொழுப்பின் அளவுக்குக் கெட்டியாகாது, நெஞ்சுக்கறியில் கொழுப்பே மிகக் குறைவு. ஆகவே மேலே சொன்ன ஹாம்பர்கர் வழி இங்கே அப்படியே செல்லாது. தொடைக்கறியை அரைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். அரைக் கிலோவுக்கு, ஓரம் நீக்கிய ஒரு ரொட்டித் துண்டை இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்து, உப்புடன் சேர்த்துச் சற்றுப் பிசையுங்கள். ரொட்டியில் உள்ள மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்துவைப்பதால், 74 பாகை வரை வெந்தாலும் வறளாது. வெறும் ரொட்டித்தூளை உலர்ந்தபடியே கொட்டினால், அது கறியின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். கையை ஈரமாக்கிக்கொண்டு, வெண்ணெய்த்தாளின் மேல் தட்டி, ஒரு மணி நேரம் குளிரில் வையுங்கள். கம்பிக்கு மட்டுமல்லாமல் வில்லையின் மேலும் எண்ணெய் தடவ வேண்டும். கொழுப்புக் குறைந்த வெள்ளாட்டுக் கொத்துக்கறிக்கும் இதே முறை பொருந்தும்.

கேள்வி: ராஜ்மாவில் செய்யும் சைவ பர்கரைக் கிரில்லில் சுட முடியுமா? (வாசகி, மிசிசாகா)

பதில்: கம்பியின் மேல் நேரடியாக வேண்டாம், பயறில் தசைப் புரதம் இல்லை, எனவே சூட்டில் இறுகாது. வேகவைத்த ராஜ்மாவை நீர் வடித்து, ஓவனில் கால் மணி நேரம் தோல் வெடிக்கும் வரை உலர்த்தி, முக்கால் பங்கை மட்டும் மசித்து, சோற்றையோ உருளைக்கிழங்கையோ சேர்த்துப் பிடியுங்கள். உங்களிடம் உள்ள இரும்புத் தோசைக்கல்லைக் கிரில்லின் மேலேயே வைத்துச் சூடாக்கி அதில் சுட்டால், அடி முழுவதும் தாங்கலும் கிடைக்கும், ஓரளவு புகை மணமும் வரும்.

கேள்வி: விருந்துக்கு முன்கூட்டியே தட்டி வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், எடிசன்)

பதில்: உப்புச் சேர்க்காமல், இடையிடையே வெண்ணெய்த்தாள் வைத்து அடுக்கி மூடினால், முதல் நாளே தட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். அதற்கு மேல் நாளானால் உறையவைப்பதே நல்லது. உறைந்த வில்லைகளை இளகவிடாமல் நேரே கம்பியில் போடுங்கள்; இளகினால் நீர் விட்டுக் கம்பியில் ஒட்டும். சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், இவற்றுக்கு வெப்பமானி பார்ப்பதைத் தவறவிட வேண்டாம்.