போர்க்காலத்தில் டாக்யார்டில் போர்க்கப்பல் மட்டும்தான் நிற்குமா?

போர் நடக்கும்போது கடற்படை டாக்யார்டில், அதாவது கப்பல்களைப் பழுது பார்க்கும் தளத்தில், போர்க்கப்பல்களோடு வேறு என்ன கப்பல்கள் நிற்கும், அவற்றுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா மும்பை டாக்யார்டில் ஃபிட்டராக இருந்தவர். அவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

1971 டிசம்பரில், இந்தியா-பாகிஸ்தான் போரின்போது, எனக்கு ஒன்பது வயது. மும்பை சயான் கோலிவாடாவில் இருந்தோம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்ற பிளாக்அவுட்டுக்காக அம்மா ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். டாக்யார்டின் வாசலான லயன் கேட்டுக்குள் போன அப்பா சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்புவார். உள்ளே என்ன நடந்தது என்று வாய் திறக்கமாட்டார். ரிடையர் ஆன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர் அதிகம் பேசியது தண்ணீரைப் பற்றித்தான். அன்றைய பெரிய போர்க்கப்பல்கள் பலவும் நீராவியில் ஓடியவை. பாய்லருக்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது, உப்பு படிந்து குழாய் கெட்டுவிடும். சுத்தமான தண்ணீரைத் தண்ணீர்ப் படகு கொண்டுவந்து கப்பலோடு ஒட்டி நின்று ஹோஸ் வழியாக ஏற்றும். நீராவி ஏறவும் மணிக்கணக்கில் ஆகும். கிளம்பு என்றவுடன் கிளம்ப வேண்டுமே, அதனால் போர் நாட்களில் பாய்லரை முழுக்க ஆறவிடமாட்டார்களாம்.

அப்புறம் பெரிய கப்பல்களை இழுத்து நகர்த்தும் டக் படகுகள். இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு மூன்றாகக் கட்டியிருப்பார்கள். உள்ளே நிற்பது வெளியே போக வேண்டுமென்றால் வெளியே நிற்பதை முதலில் நகர்த்த வேண்டும். அந்த இருட்டில் விளக்கில்லாமல் இழுத்து நகர்த்தியவர்கள் டக் ஆட்கள்தான்.

குண்டோ எண்ணெயோ ஏற்றும்போது சிவப்புக் கொடி ஏறும். உடனே வெல்டிங்கை நிறுத்திவிட வேண்டும். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்த ஊர் இது. பஞ்சுப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருள் அதில் இருந்தது. டாக்கில் வேலை செய்கிற யாரும் அதை மறக்கமாட்டார்கள்.

டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கிய நிபாத், நிர்காட், வீர் ஏவுகணைப் படகுகளை எல்லாருக்கும் தெரியும். சின்னப் படகுகள், அதிக தூரம் ஓட எண்ணெய் போதாது. துணைக்கு கில்தான், கட்சால் என்ற போர்க்கப்பல்களும், போஷக் என்ற எண்ணெய்க் கப்பலும் போயின. போஷக்கின் பெயரும் அந்த மூன்று பெயர்களோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும் என்பேன்.

டிசம்பர் 8-ம் தேதி குக்ரி, கிர்பான் என்ற போர்க்கப்பல்கள் மும்பையிலிருந்து புறப்பட்டன. மறுநாள் இரவு டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் கப்பலோடு போய்விட்டார். குக்ரியின் பம்ப் ஒன்றை அப்பா பழுது பார்த்திருந்தார்.

சேதி தெரிந்த அன்று வீட்டுக்கு வந்தவர் கைகூடக் கழுவாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா, போய்ப் படு" என்றார்.