வெளிநாட்டில் படிக்கும்போது பாறையேறப் போனதுண்டா? முதல் முறை எப்படி இருந்தது?

போனதுண்டு. கேட்டவர் முதுகலை படிக்க இங்கிலாந்து கிளம்புகிறாராம். கல்லூரிக் குழுவோடு ஒரு நாள் பாறையேறப் போகலாமா, உயரம் என்றாலே பயப்படுகிற ஆளுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறார். எனக்கும் உயரம் ஆகாது. அதிலும் நான் திசையன்விளைப் பக்கம் ஒரு பனையேறியின் பேரன். இதை வெளியே சொல்லவே வெட்கம்.

தாத்தா பருவத்தில் நாளுக்கு 30 மரம் ஏறுவார், காலையும் மாலையும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அதில் மிதித்து எழும்பி, இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நார் வளையமான தளைநாரைக் காலில் மாட்டினால் அவ்வளவுதான், இடுப்பில் அரிவாள்பெட்டி ஆடுவது மட்டும் தெரியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஆசைக்கு ஏற்றிவிட்டார். அவர் தலை உயரத்தைத் தாண்டவில்லை, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன். “ஏலே, கைய நம்பாத. கை சோத்துக்கு, காலுதான் மரத்துக்கு” என்று கீழே நின்று சத்தம் போட்டார். அந்தப் பேச்சு 14 வருடம் கழித்து, இங்கிலாந்தில் நான் படித்த ஷெஃபீல்டில் உதவியது. மரத்தைக் கட்டிப்பிடிக்கிற பழக்கம் காலை வாரிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஷெஃபீல்டை ஒட்டியே பீக் டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா, 1951ல் அறிவித்தது. ரயிலில் கொஞ்ச நேரம்தான், ஹேதர்சேஜ் என்ற கிராமத்தில் இறங்கி மேட்டுப்பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் ஸ்டானேஜ் எட்ஜ். பொதிகை மாதிரி எதையாவது எதிர்பார்த்துப் போகாதீர்கள். புல்மேட்டின் ஓரத்தில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மதில் எழுப்பின மாதிரி பாறை நிற்கும், அவ்வளவுதான். உயரமும் 15, 20 மீட்டர், நன்றாக வளர்ந்த ஒரு பனை அளவு. அடியில் வட்ட வட்டமாகக் கற்கள் கிடந்தன, நம்மூர்த் திரிகைக் கல்லைப் பல மடங்கு பெரிதாக்கின மாதிரி. உண்மையிலேயே திரிகைக் கற்கள்தானாம். அந்தப் பாறையிலிருந்து வெட்டி விற்றிருக்கிறார்கள், வியாபாரம் படுத்ததும் கிடந்தது கிடந்தபடி விட்டுப் போய்விட்டார்கள்.

பாறையும் திரிகைக்கு ஏற்றதுதான், சொரசொரவென்று இருக்கும். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆற்றுக் கழிமுகத்தில் படிந்த மணல் இறுகி ஆன கல். கையை வைத்து இழுத்தால் தோல் போகும், ஆனால் செருப்பு வழுக்காது. குளிர் நாளில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், கை வியர்க்காது பாருங்கள். அதனால்தான் அக்டோபர் வாடைக்காற்றில் எங்களைக் கூட்டிப்போனார்கள். திருநெல்வேலிக்காரனுக்கு அந்தக் காற்றே ஒரு தண்டனை.

கருவிகளை நீங்கள் வாங்க வேண்டாம். இடுப்புப் பட்டை, ஹெல்மெட், கயிறு எல்லாம் குழுவிலேயே கொடுத்தார்கள். காலணி மட்டும் விரல் மடங்குகிற அளவுக்கு இறுக்கமாகத் தருவார்கள், “சின்னதாக இருக்கிறதே” என்று மாற்றிக் கேட்காதீர்கள், அது அப்படித்தான். மோதிரத்தைக் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பாறை இடுக்கில் மோதிரம் மாட்டி உடம்பு கீழே போனால் விரல் மேலேயே நின்றுவிடும். அம்மா போட்டுவிட்டது, கழற்றமாட்டேன் என்று அன்றைக்கு நான் அடம்பிடித்தேன். மூத்த மாணவர் ஒருவர் இந்த விவரத்தைச் சொன்ன பிறகு ஒரு நொடியில் கழற்றினேன்.

முதல் முறை போகிறவர்களுக்கு மேலிருந்து கயிறு போடுவார்கள். தெரிந்தவர் ஒருவர் சுற்றுவழியாக மேலே நடந்துபோய்க் கயிற்றைக் கட்டிவிட்டு வருவார். ஒரு முனை உங்கள் இடுப்பில், எட்டு வடிவ முடிச்சில். மறு முனை கீழே நிற்பவரிடம், கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற சின்ன உலோகக் கருவி ஒன்றின் வழியாக. இதற்கு பிலே என்று பெயர். நீங்கள் ஏற ஏற அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார், கைவிட்டாலும் ஓரடி இரண்டடிக்குமேல் இறங்கமாட்டீர்கள். ஏறுமுன் ஒருவர் முடிச்சை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும். தாத்தாவும் தளைநாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்காமல் காலில் மாட்டமாட்டார் என்பதால் இது மட்டும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

எனக்குக் கயிறு பிடித்தது ஈரோட்டுத் தோழி ஒருத்தி. நான் 82 கிலோ, அவள் ஐம்பது இருந்தால் அதிகம். நான் விழுந்தால் அவள் மேலே போய்விடுவாள் என்று அவளை ஒரு குண்டுக்கல்லோடு சேர்த்துக் கட்டினார்கள். ஆடு கட்டின மாதிரி இருக்கிறது என்று அவள் கத்தினது நினைவிருக்கிறது. கயிற்றை இறுக்கச் சொல்ல அங்கே ‘டேக் இன்’, தளர்த்தச் சொல்ல ‘ஸ்லாக்’. “டேக் இன் தி ஸ்லாக்” என்று மட்டும் சேர்த்துச் சொல்லவே கூடாதாம், காற்றில் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தால் கயிற்றை விட்டுவிடுவார்கள். நாங்கள் இருவரும் தமிழர்கள்தானே என்று ‘இழு’, ‘லூசு’ என்று வைத்துக்கொண்டோம். பாதி வழியில் நான் “லூசு, லூசு” என்று கத்த, “யாருடா லூசு?” என்று கீழேயிருந்து பதில் வந்தது. மூத்த மாணவர் வந்து ஒழுங்காக ஆங்கிலத்திலேயே சொல்லச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி, ஆபத்து என்றால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் புரிய வேண்டுமே.

சரி, ஏறின கதை. ஐந்து மீட்டர்வரை தாத்தா சொன்னபடிதான் போனேன், கையால் இழுக்காமல் காலால் எழும்பினேன். முதல் நாள் வருகிறவர்கள் எல்லோரும் கையாலேயே தொங்கிச் சோர்ந்துபோவார்களாம், நீ எங்கே பழகினாய் என்று கேட்டார்கள். பெருமையோடு கீழே பார்த்தேன். அங்கேதான் வந்தது வினை. வலது கால் தையல் மெஷின் மாதிரி ஆட ஆரம்பித்தது. ஏறுகிறவர்கள் இதை டிஸ்கோ லெக் என்பார்கள், காலுக்கு மட்டும் சாமி வந்துவிட்ட மாதிரி இருக்கும். பயத்தில் பனையைக் கட்டிக்கொள்வதுபோல் பாறையில் நெஞ்சை ஒட்டிப் படுத்துக்கொண்டேன். கால் இரண்டும் சர்ரென்று வழுக்கிவிட்டது.

சாய்ந்த பாறையில் இது நேர்மாறு. பனையில் நெஞ்சு ஒட்ட வேண்டும், மரத்தை அணைத்த பிடியில்தான் ஏற்றம். பாறையில் அணைக்க எதுவும் இல்லை. உடம்பை ஒட்ட வைத்தால் பாதத்தில் பாரம் நேராக இறங்காது, ரப்பர் பிடிக்காது. இடுப்பை வெளியே தள்ளி நிமிர்ந்து நின்றால்தான் பிடிக்கும். உடம்பின் ஒவ்வொரு அணுவும் ஒட்டிக்கொள் என்று கெஞ்சும்போது விலகி நிற்பதுதான் முழு வித்தை. கயிற்றில் தொங்கி இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, விலகி நின்று பார்த்தேன். நின்றது. விழுந்தால் கயிறு தாங்கும் என்று அதற்குள் பார்த்துவிட்டதாலும் இருக்கலாம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, தரையிலிருந்து ரொம்ப மேலே போகுமுன் ஒரு முறை வேண்டுமென்றே கைவிட்டுத் தொங்கிப் பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

ஏறி முடித்த வழியின் தரம் ‘வெரி டிஃபிகல்ட்’. அன்றிரவே வீட்டுக் குழுவில் போட்டுவிட்டேன். பிரிட்டிஷ் கணக்கில் அது கீழிருந்து மூன்றாம் படி, புதிதாக வருகிறவர்கள் ஏறுவது என்பதைச் சொல்லவில்லை. மதியத்துக்கு மற்றவர்கள் சாக்லேட் பட்டைகளைப் பிரித்தபோது நான் ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டியை உடைத்துக் கொடுத்தேன். ஒரே சுற்றில் காலி.

இங்கேயே பழகிவிட்டுப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாபநாசம், மாஞ்சோலை எல்லாம் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போய் எதையும் ஏறாதீர்கள். அருவி, ஆற்றோரப் பாறை பக்கமே வேண்டாம், பாசி வழுக்கும். கழுகுமலை வெட்டுவான் கோயில் பாதுகாக்கப்பட்ட இடம், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, அங்கே போனால் நடந்து ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். பழகுவதை இங்கிலாந்து போய்ப் பழகிக்கொள்ளலாம்.

மறுநாள் தாத்தாவுக்குப் போன் போட்டு, பனை உயரத்துக்குப் பாறையில் ஏறினேன் என்றேன். சந்தோஷப்பட்டார்.

“பாறையில ஏறி என்னத்தலே எறக்குன?”

“ஒண்ணும் எறக்கல தாத்தா.”

“பொறவு எதுக்குலே ஏறுன?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை ஆச்சியிடம் கொடுத்துவிட்டார்.